பண்ணையாளுக்கு நட்ட கல்

"சித்திரபானு வருஷம் தை மாதம். நமது சக்கரவர்த்தி அவர்களுக்கு யுத்தத்தில் ஜெயம் உண்டாக வேண்டி, இவ்வூர் யுத்தக் கமிட்டி அக்கிராசனரும் நிலச்சுவான்தாருமாகிய மேற்படியார் அவர்களின் சொந்தச் செலவில் நாட்டியது. மேற்படியாரின் பண்ணையிலிருந்து யுத்தத்துக்கு அனுப்பப்பட்டுச் சீமையில் மாண்ட ஆள் ஒருவன் ஞாபகார்த்தம்."

எங்கள் ஊர்ச் சாவடிக்கு எதிரே நிற்கும் கல்லில் இப்படி வெட்டியிருக்கிறது. 'மேற்படியார்' என்று நான் எழுதிய இடத்தில் கல்லில் ஒரு முழுப் பெயரும், அவருடைய தகப்பனார் பெயரும், பாட்டனார் பெயரும் இருக்கின்றன. 'ஆள் ஒருவன்' என்பது மட்டும் கல்லில் உள்ளபடியே. 1943 பிப்ரவரியில், எழுத்தில் உளித் தூள் போகும் முன்பே இதைப் படியெடுத்தேன். 1947 ஆகஸ்டுக்குப் பிறகு சக்கரவர்த்தி இருந்த வரியின்மேல் சுண்ணாம்பு பூசினார்கள். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரைந்து சக்கரவர்த்தி மறுபடியும் தலை நீட்டுகிறார். உடனே ஆள் அனுப்பிப் பூசுகிறார்கள். மற்ற வரிகளில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

செத்தவன் பெயரைக் கல் சொல்லவில்லை. ஆகவே இந்தக் குறிப்பிலும் எவர் பெயரும் வராது. நியாயம் என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நான் அப்போது ஜில்லா போர்டு ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். ஊர்த் தபாலும் என் பொறுப்பு. அதனால் யுத்தம் எங்கள் ஊருக்குள் வந்த ஒவ்வொரு முறையும் முதலில் என் மேஜைக்குத்தான் வந்தது.

கல்லில் பெயர் உள்ளவரை ஊரார் பண்ணாடி என்பார்கள். எங்கள் பக்கத்தில் பெரிய நிலக்காரருக்கு அதுதான் பெயர். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டுக்கு இருபுறமும் அவருக்குப் புன்செய்க் காடு இருந்தது. கல்லில் பெயர் இல்லாதவன் அவருடைய பண்ணையில் கிணறு வெட்டுகிற ஆள். எங்கள் மண்ணில் கிணறு தோண்ட முடியாது, வெட்டத்தான் முடியும். கொஞ்சம் செம்மண்ணுக்குக் கீழே எல்லாம் கரும்பாறை. உளிக்கம்பியால் பாறையில் துளை போட்டு, அதில் வெடிமருந்தைக் கெட்டித்து, திரியைப் பற்ற வைத்துவிட்டு மேலே ஏறி ஓடிவர வேண்டும். அவன் அதில் கெட்டிக்காரன். பாறையைக் காலால் தட்டிப் பார்த்தே எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்வான். பண்ணாடி கிணற்றின் மேட்டில் குடை பிடித்து நின்று அவனை வைதுகொண்டிருப்பார். அதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை. வைகிற சத்தம் கேட்டால்தான் வேலை நடக்கிறது என்று அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக நம்பிக்கை.

1940-ல் யுத்தக் கமிட்டி ஏற்பட்டது. அதில் பண்ணாடி அக்கிராசனர் ஆனார். அடுத்த வருஷம் தாசில்தார் வந்து, கூட்டம் போட்டால் மட்டும் போதாது, ஆளும் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பண்ணாடிக்கு இரண்டு மகன்கள். மூத்தவருக்கு நெஞ்சில் பலவீனம், இளையவருக்கு வயிற்றில் பலவீனம் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்த வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் மூத்தவர் எதிர்க்கட்சி முழுவதையும் தொட்டு வரும்வரை மூச்சு விடாமல் சடுகுடு பாடினார். இளையவர் ஒரு கிடாயின் பின்னந்தொடையைத் தனியாளாகத் தின்று தீர்த்தார். சாம்ராஜ்யத்துக்கு எப்பேர்ப்பட்ட நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் கிணறு வெட்டுகிறவனைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அவன் தாய் விதவை, பண்ணையிலேயே களையெடுப்பவள். அவளைச் சாவடிக்கு எதிரே, தெருமுனையில் நிற்கவைத்துப் பண்ணாடி விஷயத்தைச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"உன்ற பையனுக்கு யோகம் அடிச்சிருக்குது போ. மூணு வேளை சோறு, துணி, பூட்ஸு எல்லாஞ் சக்கரவர்த்தி குடுக்கறாரு."

"குடுக்கட்டுமுங்க," என்றாள் அவள். "என்ற பையனைத் திருப்பிக் குடுப்பாருங்களா?"

பண்ணாடி சிரித்தார். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் கேட்டது வேடிக்கைக்கு இல்லை என்பது எங்களில் எவருக்கும் உறைக்கவில்லை.

பாலம் போடுவது, ரோடு போடுவது, பாறை உடைப்பது என்ற வேலைகளுக்கான படைப்பிரிவில் அவனைச் சேர்த்தார்கள். பெங்களூரில் பயிற்சி. கப்பல் ஏறும் முன் ஒருமுறை லீவில் வந்தான். 1941 கார்த்திகை என்று என் குறிப்பில் இருக்கிறது. காக்கிச் சட்டையும் கால்சட்டையும் பூட்ஸும் போட்டு ராசிபுரம் பஸ்ஸில் வந்து இறங்கி, ரோட்டிலிருந்து நேரே ஊர்த்தெரு வழியாக நடந்தான். அந்தத் தெருவில் அவன் சாதி ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். பூட்ஸின் அடியில் லாடம் இருந்தது. கல் பாவிய இடத்தில் அது எழுப்பிய சத்தத்துக்கு ஊரே வெளியே வந்தது.

பண்ணாடி சாவடியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏண்டா, கால்ல என்னடா அது?"

"பூட்ஸுங்க பண்ணாடி."

"அது தெரியுது, எனக்குங் கண்ணு இருக்குது. ஊருக்குள்ளாற எப்படி வரோணும்னு மறந்து போச்சா?"

"மறக்கலீங்க. இது என்ற பூட்ஸில்லீங்க, சக்கரவர்த்தி பூட்ஸு. உடுப்போட இருக்கறப்ப கழட்டிக் கையில புடிச்சா தண்டனைன்னு சார்ஜண்டு சொல்லியிருக்கறானுங்க."

பண்ணாடியின் சட்டையில் யுத்தக் கமிட்டி வில்லை மின்னிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு சக்கரவர்த்தியின் பூட்ஸைக் கழற்றச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எதிரே செக்கு ஓட்டுகிறவர் நின்றிருந்தார். எங்கள் ஊரில் பண்ணாடிக்குப் பயப்படாத வாய் அவருடையது ஒன்றுதான்.

"சக்கரவர்த்தியே தெருவுல நடக்கறாப்பல பண்ணாடிங்க," என்றார். "ஒரு கும்பிடு போட்டு வெச்சுருங்க. எதுக்கும் நல்லது."

அவன் சலாம் வைத்துவிட்டு லாடம் ஒலிக்கத் தன் குடியிருப்புக்குப் போனான். அன்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் சாணித் தண்ணீர் தெளித்தார்கள். சக்கரவர்த்தியின் கால் பட்ட தீட்டு அப்படித்தான் கழிந்தது. ராஜபக்திக்கு ஓர் எல்லை உண்டல்லவா.

1942 ஆடி மாதம் ராணுவ ஆபீசிலிருந்து காகிதம் வந்தது. மத்தியக் கிழக்கு ரணகளத்தில் கடமையில் இருக்கும்போது இறந்தான் என்று அச்சடித்த வாசகம். நடுவே அவன் நம்பரையும் பெயரையும் மட்டும் மையில் நிரப்பியிருந்தார்கள். அவன் தாயை அழைத்துப் படித்துச் சொன்னேன். சத்தம் போட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த ஊருலீங்க சாமி?"

"ஊர் பேரு போடலை ஆத்தா. யுத்த சமயத்துல போட மாட்டாங்க."

"பொதைச்சாங்களா, எரிச்சாங்களா?"

"அதுவும் போடலை."

"எங்க வெச்சிருக்கறாங்கன்னே தெரியாம நான் எங்கீங்க சோறு வெப்பேன்?"

அவர்கள் வழக்கத்தில் செத்தவரைப் புதைத்த இடத்தில் தலைமாட்டில் ஒரு கல்லை நடுவார்கள். வருஷத்தில் ஒருநாள் பெற்றவளோ பிள்ளையோ தன் கையால் ஆக்கிய சோற்றைத் தன் கையாலேயே அந்தக் கல்லின் முன் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் செத்தவன் பசியோடு அலைவான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வைப்பதற்கு இவள் ஒருத்திதான். இவளுக்கு அப்போது வேறு எந்தக் கேள்வியும் இல்லை. உதவித்தொகை உண்டா என்று கேட்கச் சொல்லி மற்றவர்கள் தூண்டினார்கள். "பையன் பட்டினி கெடக்கறான், நீங்க வேற," என்று சொல்லிவிட்டாள்.

மார்கழியில் சப் கலெக்டர் அந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வரப்போவதாகத் தெரிந்தது. பண்ணாடி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அவருக்கு ஒரு பட்டம் வேண்டும் என்பது ஊரறிந்த ரகசியம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வாங்கிவிட்டதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வாத்தியாரே, போன சண்டையில செத்தவனுங்களுக்கு அங்கங்க கல்லு வெச்சிருக்கறாங்களாமே, மெய்யா?"

உண்மைதான் என்றேன். இன்ன ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று பலகைக்கல் பதித்திருப்பதைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப நம்மூருலயும் வெச்சுப் போடலாம். நீரே வாசகம் எழுதிக் குடும்."

செத்தவன் பெயரை முதல் வரியில் வைத்து எழுதிக் கொடுத்தேன். பண்ணாடி அதைப் படித்துப் பார்த்துப் பெயரின்மேல் கட்டைவிரலை வைத்தார்.

"இது எதுக்கு? கல்லுல எடம் பத்தாது."

"அவனுக்காகத்தானே கல்லு?"

"ஆருக்கு வேண்டீன்னு சப் கலெக்டருக்குத் தெரிஞ்சாப் போதும். பேரைப் போட்டமுன்னு வெச்சுக்குங்க, நாளைக்கு அவனுங்க வந்து எங்க பையன் கல்லு, கும்பிடோணும்பானுங்க. சாவடி வாசல்ல அந்தக் கூட்டம் எதுக்கு?"

அவர் மூதாதையர் பெயர்களுக்குக் கல்லில் இடம் தாராளமாக இருந்தது.

அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்துகிற ஒரு கல்தச்சரிடம் வேலையைக் கொடுத்தார்கள். எழுத்துக்கு மேலே ஒரு சிப்பாயின் உருவம், கையில் துப்பாக்கி. இதுதான் உத்தரவு. நான் ஒரு துப்பாக்கியின் படம் வரைந்து காட்டினேன். தச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒலக்கையாட்டம் இருக்குதுங்களே. சண்டைக்குப் போனவங்கையில ஒலக்கையக் குடுத்தா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"ஒலக்கை இல்லை. சுடறது."

"சுடட்டுமுங்க. கல்லுல சுடுமுங்களா? வாளுன்னா எங்கப்பங் காலத்துலீருந்து வெட்டிட்டு இருக்கறம். வெட்டுப்பட்டுச் செத்தவனுக்கு வாளு தானுங்க முறை."

எங்கள் பக்கத்துக் காடுகளில் அப்படிப்பட்ட பழைய கற்கள் எத்தனையோ நிற்கின்றன. புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன், மாடு ஓட்டிப் போக வந்தவர்களை மறித்துச் செத்தவன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. ஓங்கிய வாள், முறுக்கிய மீசை, பக்கவாட்டில் முடிந்த கொண்டை. பட்டு விழுந்தவன் என்பதால் பட்டவன் என்பார்கள். பட்டவன் மனிதக் கணக்கில் சேர்ந்தவனல்லன். சாமி. ஆடு வெட்டிக் கும்பிடுகிற சாமி. தச்சர் தனக்குத் தெரிந்ததைத்தான் வெட்டினார். காக்கிச் சட்டை போட்டு, தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு பாலைவனத்தில் செத்தவனுக்குக் கொண்டையும் மீசையும் வாளும் வந்தன. பண்ணாடி பார்த்தார். எடுப்பாக இருக்கிறது என்றார்.

அதைச் சப் கலெக்டரின் கார் வந்து நிற்கக்கூடிய இடமாகப் பார்த்துச் சாவடிக்கு எதிரே நடுவது என்றும் அவரே தீர்மானித்தார். செய்தி கேட்டுத் தாய் என்னிடம் வந்தாள். காகிதம் வந்த பிறகு அவள் முகத்தில் நான் தெளிவைப் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"மெய்யாலுமே கல்லு வெக்கறாங்களாங்க? அப்ப அங்க சோறு வெச்சாப் போயிச் சேருமுங்களா சாமி?"

சேரும் என்றேன். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது வேறு விஷயம். அவளுக்குத் தேவைப்பட்டது என் நம்பிக்கை அல்ல.

தை மாதத்தில் அந்த நாள் வந்தது. சப் கலெக்டர் வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். கரி வாயுவில் ஓடுகிற யுத்தகாலப் பஸ் வழியில் மூச்சடைத்து நின்றுவிட்டதால் மீதி வழியை நடந்தே வந்து, வேட்டியெல்லாம் செம்மண்ணாக, இளநீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். பண்ணாடியின் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் மாவிலை கட்டியாயிற்று, மேளம் வந்தாயிற்று. நிறுத்த முடியாது.

ஊர்ப் பூசாரியிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்: "நல்ல காரியம், ஒரு கொறையும் இருக்கப்படாது, எல்லாம் முறைப்படி செஞ்சுபுடு." இதுதான் அவர் செய்த பிசகு. ஒரு தேங்காயை உடை என்று சொல்லியிருந்தால் உடைத்துவிட்டு விட்டிருப்பார். முறைப்படி என்று சொல்லிவிட்டார். பூசாரி கல்லைப் பார்த்தார். ஓங்கிய வாள், மீசை, கொண்டை. அதற்கு எது முறையோ அதைச் செய்தார். கல்லைச் சுற்றித் துணி மறைப்புக் கட்டினார். தச்சரைக் கூப்பிட்டு உளியால் இரண்டு விழிகளிலும் கடைசிக் கொத்தைப் போடச் சொன்னார். எதிரே கண்ணாடியைக் காட்டி, சேவல் அறுத்து, மறைப்பை விலக்கினார். அதாவது, கண் திறந்தார்.

பெண்கள் குலவையிட்டார்கள். பண்ணாடியின் மனைவி அனைவருக்கும் முந்தி ஈரமண்ணில் விழுந்து கும்பிட்டார். பின்னால் ஊரே விழுந்தது. இன்ஸ்பெக்டர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு, "இது என்ன ஏற்பாடு?" என்றார். "நம்ம பக்கத்து வழக்கமுங்க," என்றார் பண்ணாடி. என்ன நடந்தது என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை. சாம்ராஜ்யத்தின் வெற்றி பற்றி அச்சிட்டு வந்திருந்த பிரசங்கத்தை இன்ஸ்பெக்டர் படித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். செத்தவனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவனைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

தாயையும் அவள் ஆட்களையும் தெருமுனை வேம்பின் அடியில் நிறுத்தியிருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவள் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சோறும் கருவாட்டுக் குழம்பும். பூசாரி கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கயே நில்லு. கிட்ட வராத."

"சோத்தை வெச்சுட்டுப் போயர்றனுங்க."

"கண்ணுத் தொறந்தாச்சு. இனி அது சாமி. உங்காளுங்க கையில வாங்காது."

"அது என்ற பையனுங்க."

"நேத்து வரைக்கும்," என்றார் பூசாரி.

இவ்வளவு கச்சிதமான ஒரு வாக்கியத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அதைச் சொன்னவருக்கு அதில் கொடுமை இருப்பதாகவும் தெரியவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அவள் அங்கிருந்தே கல்லைப் பார்த்தாள். "மொகம் அவனாட்டம் இல்லைதானுங்க," என்றாள். "இருக்கட்டும். ஒரு வாய் வெச்சுட்டு வந்துர்றனே."

பூசாரி கல்நெஞ்சர் அல்லர். ஒரு வழி சொன்னார். சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் விலகிக்கொள்ள வேண்டும். இவர் தண்ணீர் தெளித்து எடுத்துக் கல்லின் முன் வைப்பார்.

"நீங்க வெச்சா அது நீங்க வெச்ச சோறுங்களே," என்றாள் அவள். சட்டியை மறுபடியும் தலையில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

1943 ஆனியில் மாடுகளுக்கு நோய் வந்தது. சாமிக்கு நேர்ந்துகொண்டார்கள். சர்க்காரிலிருந்து ஊசி போடுகிறவரும் வந்தார். நோய் தணிந்தது. ஊசிக்கு யாரும் ஆடு வெட்டவில்லை, கல்லுக்கு வெட்டினார்கள். அன்றுமுதல் வருஷாவருஷம் பூசை. ஊர்ப் பெரியதனம் பண்ணாடிக்கு. ஆகவே எந்தப் பூசையிலும் முதல் கும்பிடு அவருடையது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, கைகளைத் தலைக்குமேல் கூப்பி, தம் பண்ணையாளின் முன்னால் அவர் நின்றதை நான் கண்ணாரப் பார்த்தேன். செக்குக்காரரும் பார்த்தார்.

"கெணத்துக்குள்ள அவனை எறக்கி உட்டுப்போட்டு மேல நின்னு வைவீங்களே பண்ணாடிங்க. இப்ப அவன் ஏறிக்கிட்டான், நீங்க எறங்கிட்டீங்க."

அப்போதுதான் பண்ணாடிக்கு விளங்கியது. கல்லைப் பெயர்த்து ஊருக்கு வெளியே தம் கடலைக்காட்டு ஓரத்தில் வைத்துவிடலாம் என்றார். கண் திறந்த சாமியை அதன் சம்மதம் இல்லாமல் நகர்த்தக்கூடாது என்றார் பூசாரி. பூக் கேட்க வேண்டும். வெள்ளைப் பூ ஒன்றும் சிவப்புப் பூ ஒன்றும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டிக் கல்லின் முன் போடுவது. வெள்ளை வந்தால் சாமி வருகிறது, சிவப்பு வந்தால் வரவில்லை. பண்ணாடி தாமே எடுத்தார். சிவப்பு. சரியாகக் குலுக்கவில்லை என்று மறுபடியும் போடச் சொல்லி எடுத்தார். சிவப்பு. இதற்குமேல் கேட்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று பூசாரி இலையைச் சுருட்டிவிட்டார். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளிதான் இருந்தது என்பது செக்குக்காரர் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது. வெட்டுகிற ஆட்டின் தலை பூசாரிக்கு என்பதையும், கடலைக்காட்டு ஓரத்துக்கு ஆடு ஓட்டிக்கொண்டு யாரும் போகமாட்டார்கள் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

பண்ணாடி கல்லைப் பெயர்க்க நினைக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தாய் அவரிடம் போய் நின்றாள். "எங்க பக்கத்துல நட்டுக் குடுத்துருங்க பண்ணாடி," என்று கேட்டாள். "சாமியக் கொண்டாந்து உங்க பக்கம் வெக்கறதா? பேச்சைப் பாரு," என்றார். அவரும் அந்தக் கல்லைச் சாவடி எதிரிலிருந்து அகற்றத்தான் தவித்துக்கொண்டிருந்தார். அவளும் அதைத்தான் கேட்டாள். இருவருக்கும் ஒரே காரியம் ஆக வேண்டியிருந்தும் அவர் வாய் மறுப்பைத்தான் சொல்லிற்று. இந்த மாதிரி மூளையை வைத்துக்கொண்டு நம்மவர்கள் சுயராஜ்யத்தை என்ன செய்யப்போகிறார்கள் என்று அன்று எழுதி வைத்தேன். பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் பூசையன்று அவள் சட்டியோடு வேம்படிக்கு வருவாள். ஊரார் ஆடு வெட்டிப் பொங்கல் வைத்து முடிக்கும்வரை நிற்பாள். பிறகு திரும்பிப் போவாள். 'எங்கே வைத்திருக்கிறார்கள்' என்ற அவள் கேள்வியை நான் ராணுவ ஆபீசுகளுக்கு 1943-லும் 1944-லும் எழுதினேன். முதல் கடிதத்துக்கு, விஷயம் வேறொரு ஆபீசைச் சேர்ந்தது என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கு, அந்த வேறொரு ஆபீஸ் முதல் ஆபீசைக் காட்டியது. ஆக, அவன் எங்கே கிடக்கிறான் என்பது இரண்டு ஆபீசுகளுக்கும் நடுவே எங்கேயோ இருந்தது.

1946-ல், சண்டை முடிந்து ஆட்களைக் கலைத்தபோது, தம்மம்பட்டிப் பக்கத்துக்காரன் ஒருவன் தோளில் பையோடு என்னைத் தேடி வந்தான். செத்தவனோடு ஒரே கூடாரத்தில் இருந்தவனாம். தாயைப் பார்க்க வேண்டும் என்றான். குடியிருப்புக்கு அழைத்துப் போனேன். அவள் கடலைக்காய் பறித்துவிட்டு வந்து மண் கையோடு நின்றாள். அவன் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"மண்ணுக்குள்ள வெடிய பொதைச்சு வெச்சிருப்பான்மா எதிரி. நாங்க போயி எடுக்கணும். உம்புள்ள கையாலயே தடவித் தடவி எடுப்பான். அன்னிக்கி ஒண்ணு ஏமாத்திடுச்சு. வலியே தெரிஞ்சிருக்காது."

அவள் தலையசைத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது அல்ல.

"எங்கப்பா வெச்சீங்க?"

"கடலோரமா ஒரு மேடும்மா. அங்க செத்தவங்க எல்லாருக்கும் வரிசையா கல்லு நட்டிருக்கான். வெள்ளைக்கார ஆபீசர் கல்லும் உம்புள்ள கல்லும் ஒரே ஒசரம். பக்கத்துப் பக்கத்துல."

"கல்லுல வாளு இருக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. வெறுங்கல்லு. பேரு மட்டும்."

"அவம்பேரா?"

"அவன் பேருதாம்மா. இங்கிலீஷ்ல."

அவள் கையில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "கிட்டப் போலாமா?" என்று கேட்டாள். "என்னையாட்டம் ஆளுங்க போனா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"யாரு வேணா போலாம்மா. வாசல்ல ஒருத்தனும் நிக்கமாட்டான்."

அது எந்தத் திக்கு என்று கேட்டாள். அவன் வடமேற்கே கையைக் காட்டினான். அவள் உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். சோறு ஆக்கி, தன் வாசலில் வடமேற்குப் பார்த்து ஒரு இலையைப் போட்டு, தன் கையால் வைத்தாள். மகன் தின்ன வேண்டிய நாள் அதுதானா என்று பஞ்சாங்கம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் அவள் சாவடிப் பக்கம் சட்டியோடு வரவில்லை. அடுத்த பூசையில் அவளைக் காணோமே என்று பூசாரி என்னிடம் விசாரித்தார். "அங்க நிக்கறது ஆரோங்க, எனக்குத் தெரியாது," என்று அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

தம்மம்பட்டிக்காரனைப் பஸ் ஏற்றிவிட நான் ரோடு வரை போனேன். அந்தக் கல்லை நீ நேரில் பார்த்தாயா என்று கேட்டேன். பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "பஸ்ஸு வருது சார்," என்றான். பஸ் அப்போது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அந்தப் பக்கத்துச் சண்டைக்களத்தில் ஹிந்து சிப்பாய்களைப் பெரும்பாலும் எரித்துவிட்டார்கள் என்றும், 1946-ல் அங்கே கல்லறைகளில் மரக்குறிகள்தான் நின்றன என்றும் பின்னால் பத்திரிகைகளில் படித்தேன். கல்லறைகளைப் பராமரிக்கிற சீமை ஆபீசுக்குச் செத்தவன் நம்பரையும் பெயரையும் குறித்து 1947-லும் 1949-லும் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை. கடலோர மேட்டில் அவன் பெயர் வெட்டிய கல் ஒன்று இருக்கிறதா என்பது இதை எழுதும் வரை சரிபார்க்கப்படவில்லை.